எல்லாமே ‘பறிமுதல்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்தில் பிடிபட்ட தங்கம், ஆற்றங்கரையில் மடக்கிய மணல் லாரி, அமலாக்கத் துறை கைவைத்த தொழிலதிபர் வீடு, வங்கி நோட்டீஸ் ஒட்டிய மாடி வீடு. இந்த நான்குக்கும் நம் நாளிதழ்களின் தலைப்பில் பெரும்பாலும் ஒரே சொல்தான் விழுகிறது: ‘பறிமுதல்’. செய்தி வரும் நாளில் இவற்றில் ஒன்றுகூடப் பறிமுதல் ஆகியிருக்காது. தங்கம் சுங்கத் துறையின் காவலில் இருக்கும். லாரி காவல் நிலைய வளாகத்தில் வெயிலில் நிற்கும். தொழிலதிபர் வீட்டை விற்க முடியாது, ஆனால் குடும்பம் அங்கேயே குடியிருக்கும். வங்கி நோட்டீஸ் ஒட்டிய வீட்டின் சாவியும் அநேகமாகக் கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கும்.

சட்டங்கள் சீஷர் (கைப்பற்றல்), அட்டாச்மென்ட் (ஜப்தி, முடக்கம்), பொசஷன் (சுவாதீனம்), இம்பவுண்ட் (முடக்கி வைத்துக்கொள்ளல்), கான்ஃபிஸ்கேஷன் (பறிமுதல்), ஃபோர்ஃபீச்சர் (கட்டிய பணத்தையோ உரிமையையோ இழத்தல்), அக்விசிஷன் (நில எடுப்பு) என்று தனித்தனிச் சொற்களை வைத்திருப்பது ஆங்கிலத்தின் வளத்தைக் காட்ட அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபிக்க வேண்டிய இடம் வேறு, கெடு வேறு. ஆங்கில நோட்டீஸைக் கையில் வைத்திருப்பவர், பத்திரிகையில் பார்த்துப் பழகிய ‘பறிமுதலை’ நினைத்து எல்லாம் போய்விட்டது என்று உட்கார்ந்துவிட்டால் மேல்முறையீட்டுக் கெடு அவருக்காகக் காத்திருக்காது. இன்னொரு வகையும் உண்டு. ‘இன்னும் வீட்டில்தானே இருக்கிறோம்’ என்று அசட்டையாக இருந்துவிட்டு, ஏல விளம்பரம் வந்த பிறகு வக்கீலைத் தேடுபவர்கள்.

எந்த நோட்டீஸ் வந்தாலும் முதலில் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். விற்கவும் அடகு வைக்கவும் மட்டும் தடையா? பொருள் கையை விட்டுப் போய்விட்டதா? உரிமையே வேறு பெயருக்கு மாறிவிட்டதா? அட்டாச்மென்ட் முதல் வகை. சீஷரும் இம்பவுண்டும் நேரடிப் பொசஷனும் இரண்டாவது. கான்ஃபிஸ்கேஷன், ஃபோர்ஃபீச்சர், அக்விசிஷன் மூன்றும் கடைசி வகை. பறிமுதல் என்று சொல்லத் தகுந்தது கான்ஃபிஸ்கேஷனும், சட்டம் தண்டனையாக விதிக்கும் ஃபோர்ஃபீச்சரும்தான்.

கோர்ட் அட்டாச்மென்டுக்குத் தமிழ்நாட்டில் பழகிய சொல் ஜப்தி. கடன் வழக்கில் தீர்ப்பு வாங்கியவர் நிறைவேற்று மனு போட்ட பிறகு நடப்பது இது. வழக்கு முடியும் முன்பே சொத்தை விற்றுவிடுவார் என்று நீதிமன்றம் நம்பினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் கட்டளை 5-ஆம் விதிப்படி தீர்ப்புக்கு முன்னரும் ஜப்தி வரலாம். வீடு, நிலம் என்றால் அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) யாரையும் வெளியேற்ற மாட்டார். விற்கக் கூடாது என்ற உத்தரவைச் சொத்து இருக்கும் இடத்தில் தமுக்கடித்துச் சொல்லி, அங்கும் நீதிமன்றப் பலகையிலும் ஒட்ட வேண்டும். கிராமத்து நிலம் என்றால் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அதன் பிறகு எழுதும் கிரயம், ஜப்தி வாங்கியவரின் கோரிக்கைக்கு எதிரே செல்லாது. விதிவிலக்கு ஒன்று: ஜப்திக்கு முன்பே பதிவு செய்த கிரய ஒப்பந்தம் இருந்து, அதன்படி பிறகு கிரயம் எழுதினால் அது தப்பும். பதிவு செய்யாத வெற்று அக்ரிமெண்ட் வைத்திருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பதிவுச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் மாட்டுவது இங்கேதான்.

எதை ஜப்தி செய்ய முடியாது என்பதை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு நீளமாகச் சொல்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் கலப்பையும் உழவு மாடும் விதை நெல்லும், விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தாலிக்கொடியைக் காட்டி மிரட்டும் வசூல்காரருக்கு இந்தப் பிரிவைக் காட்டலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. கணக்கில் வரும் சம்பளம் 31,000 ரூபாய் என்றால் மாதம் 10,000 வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால் அந்தத் தீர்ப்பைப் பொறுத்தவரை அதோடு சரி. ஜீவனாம்ச வழக்குக்கு மட்டும் கணக்கு வேறு, அங்கே மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பொருளை எடுக்க வரும் அமீனா சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருப்புக்குள் நுழையக் கூடாது என்று 62-ஆம் பிரிவே சொல்கிறது.

அண்ணன் கடனுக்குத் தம்பி நிலத்தையும் சேர்த்து ஜப்தி செய்வது அடிக்கடி நடக்கிறது. கூட்டுப் பட்டாவில் பெயர் பார்த்து அட்டவணை எழுதுவதால் வரும் கோளாறு. தம்பி தனி வழக்குப் போட வேண்டியதில்லை. நிறைவேற்று நீதிமன்றத்திலேயே 21-ஆம் கட்டளை 58-ஆம் விதியில் உரிமை கோரும் மனு போட வேண்டும். அதுவும் ஏலம் முடிவதற்குள். முடிந்த பின் அந்த மனு எடுபடாது. கடனாளிக்கும் ஒரு பிடி இருக்கிறது: கடனுக்குப் போதுமான பகுதியை மட்டும் ஏலம் விடுவது நீதிமன்றத்தின் கடமை என்று 64-ஆம் விதியைக் காட்டிச் சொல்லலாம். இரண்டு லட்சத்துக்காக இரண்டு ஏக்கரையும் விற்க வேண்டியதில்லை. ஏலம் நடந்துவிட்டாலும் 60 நாளுக்குள் அறிவிப்பில் கண்ட தொகையோடு, ஏலத்தொகையில் 5 சதவீதத்தை எடுத்தவருக்குச் சேர்த்துக் கட்டினால் ஏலம் ரத்தாகும். கடனைக் கட்டி முடித்தவர்கள் பலர் செய்யத் தவறுவது, ஜப்தியை நீக்கும் உத்தரவைப் பெற்றுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சேர்ப்பது. வில்லங்கச் சான்றில் அந்தப் பழைய ஜப்தி அப்படியே நின்று, மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கப் போகும்போது தலைகாட்டும்.

அமலாக்கத் துறை செய்வதும் அட்டாச்மென்ட்தான், ஆனால் கோர்ட் ஜப்தியோடு அதைச் சேர்க்க முடியாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-இன் 5-ஆம் பிரிவில் வருவது தற்காலிக முடக்கம். ஆயுள் 180 நாள். முடக்கிய 30 நாளுக்குள் அதிகாரி தீர்ப்பாணையத்தில் புகார் தர வேண்டும். தீர்ப்பாணையம் சொத்துக்காரருக்குக் குறைந்தது 30 நாள் அவகாசத்தில் நோட்டீஸ் கொடுத்து, பணத்தின் ஊற்று எது என்று கேட்கும். வருமான வரிக் கணக்கும் வங்கிப் பதிவுகளும் இந்தக் கட்டத்திலேயே போக வேண்டும். விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் முடக்கம் உறுதியாகிவிடும். உறுதியானால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாள். வீட்டின் சுவாதீனத்தை எடுக்க உறுதி செய்த பின் வழி இருந்தாலும், அதை விதியாக்காமல் விதிவிலக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. குற்றம் நிரூபணமாகி, சிறப்பு நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் சொத்து மத்திய அரசுக்குப் போகும். அந்த நாளில் ‘பறிமுதல்’ என்று போடுங்கள். சில நாளிதழ்கள் இப்போது ‘முடக்கம்’ என்றே எழுதுகின்றன, நல்ல மாற்றம்.

காவல் துறை கைப்பற்றுவதற்கு இப்போதைய பிரிவு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106. பழைய சட்டத்தில் 102. வக்கீல்கள் இன்னும் பழைய எண்ணையே பேசுவதால் குழம்ப வேண்டாம். கைப்பற்றிய உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை, மனுவில் முதலில் எழுத வேண்டியதும் அதுதான். வண்டி என்றால் 497 அல்லது 503-ஆம் பிரிவில் இடைக்காலமாகத் திரும்பப் பெற மனு போடலாம். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல், அடையாளச் சான்று, பிணைப் பத்திரத்துக்கு ஜாமீன்தாரர் இவை தயாராக இருக்க வேண்டும். பொருட்களைக் காவல் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, படம் எடுத்து மகஜர் எழுதி உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் காவல் நிலையங்களின் பின்பக்கத்தில் துரு பிடித்து, டயர் மண்ணோடு மண்ணாகி, சீட்டில் புல் முளைத்த வண்டிகள் குறையவில்லை. கேட்டு மனுப்போட ஆளில்லாததும் அதற்கு ஒரு காரணம். வண்டி பைனான்ஸில் இருந்தால் நிதி நிறுவனமும் அதே நீதிமன்றத்தில் கேட்கும். முந்திக்கொள்வது நல்லது. மணல் லாரிக்குக் கூடுதல் சிக்கல் உண்டு, கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் நீதிமன்ற ஆணையின் பேரில் லாரியே பறிமுதலாகலாம். அங்கேயும் சாலையில் மடக்குவது ஒரு கட்டம், பறிமுதல் ஆணை வேறு கட்டம். வீடு, மனை போன்ற அசையாச் சொத்தைப் போலீஸ் இந்தப் பிரிவில் கைப்பற்ற முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு ‘வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ’ என்று கடன் பஞ்சாயத்து நடத்துவதற்கு இதில் இடமே இல்லை.

இப்போது அதிகம் வரும் கேள்வி வங்கிக் கணக்கு முடக்கம். யாரோ ஒருவர் சைபர் மோசடியில் அடித்த பணம் நாலைந்து கணக்கு கைமாறி, ஒரு மளிகைக் கடையின் க்யூஆர் வழியாக 800 ரூபாயாக வந்து சேரும். கடைக்காரரின் கணக்கு முழுவதும் நின்றுவிடும். வங்கிக் கிளையில் முதலில் கேட்க வேண்டியது, இது டெபிட் ஃப்ரீஸா, லீனா என்பது. ஃப்ரீஸ் என்றால் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. லீன் என்றால் சந்தேகத் தொகை மட்டும் நிற்கும், மீதியை எடுக்கலாம். அடுத்தது, எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, முடக்கச் சொன்ன கடிதத்தின் நகல். இவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல்லில் ‘சைபர் கிரைம் சார்’ என்றால் எந்த மனுவும் நிற்காது. விற்பனை ரசீதையும் அன்றைய கணக்கு விவரத்தையும் இணைத்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதி, முழு முடக்கத்தை லீனாக மாற்றக் கேட்க வேண்டும். நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு, அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட். முடக்கத்தை நீக்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வரும் போன் இன்னொரு மோசடி.

பாஸ்போர்ட்டில் சொல் வித்தியாசம் இன்னும் கூர்மை. போலீஸ் அதைக் கைப்பற்றலாம், ஆனால் இம்பவுண்ட் செய்ய, அதாவது முடக்கித் தம்மிடமே வைத்துக்கொள்ள, பாஸ்போர்ட் சட்டம் 1967-இன் 10(3) பிரிவில் பாஸ்போர்ட் அதிகாரிக்கே அதிகாரம். 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. எனவே பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கும் மனுவில் முதலில் கேட்க வேண்டியது, பாஸ்போர்ட் அதிகாரியின் முடக்க ஆணை இருக்கிறதா என்பது.

சுங்கத் துறையில் பயணியிடம் எடுத்த தங்கத்துக்கு, பிடித்த ஆறு மாதத்துக்குள் காரணம் கேட்கும் நோட்டீஸ் வர வேண்டும். உயரதிகாரி காரணம் எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். அதற்குள்ளும் வராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் கோட்டைவிடுவது, ‘எனக்கு எழுத்து நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம்’ என்று அச்சடித்த தாளில் இரவு இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. டெல்லி உயர் நீதிமன்றம் இத்தகைய அச்சுப் படிவங்களைக் கண்டித்திருக்கிறது என்றாலும், கையெழுத்துப் போடாமலிருப்பதே சுலபம். பறிமுதல் ஆணையே வந்தாலும் 125-ஆம் பிரிவில் மீட்பு அபராதம் கட்டிப் பொருளை எடுக்க வழி இருக்கிறது. தடை செய்யப்படாத பொருளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் நாளிதழ்களில் பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் வருவதும், மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழி தரும் சர்ஃபாசி சட்டம் 2002-இன்படி, தவணை 90 நாள் நின்று கணக்கு வாராக்கடன் ஆனதும் 13(2) பிரிவு நோட்டீஸ் வரும். முழுத் தொகையையும் 60 நாளில் கட்டு என்று இருக்கும். இதற்குப் பதில் எழுதுபவர் மிகக் குறைவு. எழுத வேண்டும். ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். கட்டிய தவணை வரவு வைக்கப்படாதது, வட்டி விகிதம் மாறியது, நோட்டீஸில் இருக்கும் தொகை கணக்கு விவரத்தோடு ஒட்டாதது, சர்வே எண் தவறு, இவை எல்லாம் அந்தக் கடிதத்தில் இடம்பெற்றால்தான் பிறகு தீர்ப்பாயத்தில் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது.

60 நாள் தாண்டினால் 13(4) பிரிவில் நடவடிக்கை. அதிகாரி வந்து கதவில் ஒரு தாளை ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவார். இதுதான் அடையாளச் சுவாதீனம், சிம்பாலிக் பொசஷன். ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் வர வேண்டும். ஊரார் முன் பெயர் வந்துவிட்டதே என்ற வருத்தத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவசியமே இல்லை. ஆளை வெளியேற்றும் நேரடிச் சுவாதீனத்துக்கு வங்கி பொதுவாக 14-ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ போகும். ஆணை 30 நாளில், நீட்டித்தால் மொத்தம் 60 நாளில் வர வேண்டும். வழக்கறிஞர் ஆணையரும் போலீஸும் வருவது அதன் பிறகு. ஆனால் கெடு இதற்காகக் காத்திருப்பதில்லை. கதவில் தாள் ஒட்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. பலர் உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை வழக்குப் போட்டுவிட்டுத் தைரியமாக இருப்பார்கள். 34-ஆம் பிரிவு சிவில் நீதிமன்றங்களின் கதவை அடைத்திருக்கிறது. அந்த வழக்கு தள்ளுபடியாகும்போது 45 நாள் தீர்ந்திருக்கும். தீர்ப்பாயத்தில் தோற்றால் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதுவும் கடன் தொகையில் பாதியைக் கட்டினால்தான். 25 சதவீதம் வரை குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்குக் கீழே இறங்காது. ஆகவே முதல் சுற்றிலேயே முழுத் தயாரிப்போடு போக வேண்டும்.

இந்தச் சட்டம் எல்லாச் சொத்தையும் தொடாது. விவசாய நிலத்தின் மேல் இருக்கும் அடமானத்துக்கு இது பொருந்தாது. ஆனால் சிட்டாவில் நஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது, நிலத்தில் சாகுபடி நடப்பதைக் காட்ட வேண்டும். மனையாகப் பிரித்துக் கல் நட்ட நிலத்துக்கு அடங்கல் நகலைக் காட்டித் தப்பிக்க முடியாது. அசலும் வட்டியும் சேர்ந்ததில் நிலுவை 20 சதவீதத்துக்குக் குறைவு என்றாலும் பொருந்தாது. தனியார் நிதி நிறுவனம் என்றால் 20 லட்சத்துக்குக் கீழ்ப்பட்ட கடனுக்கு இந்த வழியில் வர முடியாது.

மீட்கும் உரிமை எப்போது போகிறது என்பதில்தான் பழைய நம்பிக்கை ஆளைக் கவிழ்க்கிறது. ஏலத்தன்று பணத்தோடு போய் நின்றால் போதும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2016-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன் முழுப் பணமும் செலவும் கட்டியிருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, முதல் ஏலம் போகாவிட்டால் அடுத்ததற்கு 15 நாள். ஏலத்தில் கடன் போக மிஞ்சும் பணம் சொத்துக்காரருடையது. கேட்டு வாங்க வேண்டும்.

அதே விளம்பரத்தைப் பார்த்துச் சொத்து மலிவு என்று ஏலம் கேட்கப் போகிறவருக்குக் காத்திருப்பதுதான் ஃபோர்ஃபீச்சர். ஏலத்தொகையில் 25 சதவீதம் உடனடியாக, அதாவது அன்றோ அடுத்த வேலை நாளிலோ. மீதி 75 சதவீதம் 15 நாளில். வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் குதிப்பவர்களுக்கு, குடியிருப்பவர் காலி செய்யாத சொத்துக்கு எந்த வங்கியும் 15 நாளில் கடன் தராது என்பது பிறகுதான் தெரிகிறது. எழுத்து மூலம் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், வங்கி சம்மதித்தால். இல்லையென்றால் கட்டிய 25 சதவீதம் முழுவதும் போகும். வங்கிக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழன் நன்றாகப் புரிந்து வைத்திருக்கும் ஃபோர்ஃபீச்சர் ஒன்றே ஒன்றுதான், ‘டெபாசிட் காலி’: செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாத வேட்பாளரின் பணம். அங்கே நிபந்தனை எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஏலப் படிவத்தில் நிபந்தனை பத்தாவது பக்கத்தில் இருக்கும்.

பைனான்ஸ் வண்டியைத் தெருவில் மடக்கி எடுத்துப்போவதை ஊரில் ‘சீசிங்’ என்கிறோம். சொல்லில் போலீஸ் வாடை அடிப்பதால் எதிர்த்துக் கேட்க ஆள் தயங்குகிறார்கள். அது தனியார் ஒப்பந்தத்தின்படி செய்யும் மறு சுவாதீனம், அவ்வளவே. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம், எடுக்கும் முறை, விற்கும் முன் கடைசி வாய்ப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. குண்டர்களை அனுப்பிப் பிடுங்கக் கூடாது என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கடனாளிக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. வண்டியை விட்டே ஆக வேண்டிய நிலையிலும், வண்டிக்குள் இருந்த பொருட்களின் பட்டியல், கிலோமீட்டர் அளவு, சேதம் இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு மீதிக் கடனுக்கு வழக்குப் போடும்போது அந்தத் தாள்தான் பேசும்.

அக்விசிஷன் என்றால் நில எடுப்பு. இங்கே உரிமையே மாறுகிறது, அதுவும் எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்து வேறு வேறு நாளில். 2013 நில எடுப்புச் சட்டத்தில் முதல் அறிவிப்புக்கு ஆட்சேபம் சொல்ல 60 நாள் உண்டு, இழப்பீடு கொடுத்த பிறகே சுவாதீனம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஆட்சேபத்துக்கு 21 நாள்தான். அதன் 3டி பிரிவு அறிவிப்பு அரசிதழில் வந்த அன்றே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடுகிறது, ஒரு ரூபாய் கைக்கு வராவிட்டாலும். ‘பணம் வாங்கவில்லையே, நிலம் எப்படிப் போகும்’ என்று கேட்கும் விவசாயிக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. 2013 சட்டத்தில் இழப்பீடு குறைவு என்று நினைப்பவர், பணத்தை வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் கூடுதல் கேட்டு 64-ஆம் பிரிவில் விண்ணப்பிக்கும் உரிமை போய்விடும். உத்தரவு பிறந்தபோது நேரில் இருந்தவருக்குக் கெடு ஆறு வாரம். மரம், கிணறு, ஆழ்துளைக் கிணறு, மோட்டார் அறை இவை விடுபட்டிருக்கிறதா என்பதை அளவீட்டு நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

பத்து ஆண்டு தொடாத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுவதையும் சிலர் ‘அரசு எடுத்துக்கொண்டது’ என்று எழுதுகிறார்கள். வாரிசு இன்றைக்குப் போய்க் கேட்டாலும் அதே வங்கி வட்டியோடு தர வேண்டிய பணம் அது.

சொத்தைத் தாண்டி, வாக்குரிமை பற்றியும் ஒரு குறிப்பு. தண்டனை பெற்ற எம்.எல்.ஏ. ‘வாக்குரிமை இழந்தார்’ என்று எழுதுவது தவறு. அவர் இழப்பது பதவியும் போட்டியிடும் தகுதியும். வாக்களிக்க முடியாதது சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர், விசாரணைக் கைதியும் இதில் அடக்கம். ஜாமீனில் வெளியே வந்தவர் ஓட்டுப் போடலாம். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் தபால் ஓட்டு உண்டு.

உங்களிடம் கேட்பது இரண்டு. செய்தியில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கட்டம் என்று ஒரு வரி சேருங்கள். போலீஸும் சுங்கமும் ‘கைப்பற்றின’, அமலாக்கத் துறை ‘முடக்கியது’, கோர்ட் ‘ஜப்தி செய்தது’, வங்கி ‘சுவாதீனம் எடுத்தது’ என்று எழுதினால் தலைப்பில் இடம் ஒன்றும் கூடிவிடாது. இரண்டாவது, விளம்பரப் பிரிவுக்கு. வங்கிகளின் சுவாதீன அறிவிப்புகளில் சுவாதீனம் எடுத்த தேதி, வாசகத்தின் நடுவில் மற்ற எண்களோடு எண்ணாகக் கிடக்கிறது. விளம்பரம் அதற்கு ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். 45 நாளை வாசகர் விளம்பரம் வந்த நாளிலிருந்து எண்ணுகிறார், வங்கியோ சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து. அந்தத் தேதியை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட வங்கிகளைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற அலுவலர்,
கும்பகோணம்